கண்டிச் சீமைக் கோப்பியும் நொதித் தொட்டியும்

உலகின் பெருநகரங்களிலும் அண்மைக் காலமாக இலங்கையிலும் சில கோப்பிக் கடைகளில் ஒருவகைப் பானம் விற்கப்படுகின்றது. கிண்ணம் சிறியது, இரண்டு மூன்று மிடறுக்கு மேல் அதிற் கொள்ளாது. கோப்பித் தூளினூடே, கொதிநிலைக்குச் சற்றுக் குறைந்த வெந்நீரைப் பேரமுக்கத்துடன் செலுத்தி, அரை நிமிடத்துக்குள் பிழிந்தெடுக்கும் இப்பானத்தை எஸ்பிரசோ என்பர். இதில் புதுமை யாதுமில்லை; இத்தாலியர் நூறாண்டுக்கு மேலாகப் பருகிவருவதே இது. புதுமை அதன் மணத்திலே இருக்கின்றது. கிண்ணத்தை முகத்தருகே கொண்டுசென்றால் கோப்பியின் மணத்தை முந்திக்கொண்டு அன்னாசி மணம் வரும். சில வேளைகளில் நன்றாகக் கனிந்த பலாச்சுளையின் மணமும், முந்திரிகை மதுவின் மணமுங்கூட வரும். பழச்சாறு ஒரு துளியும் அதிற் கலந்திலது. கோப்பிப் பழத்தைக் காற்றுப் புகாத கலத்தில் அடைத்து, நாட்கணக்கில் நொதிக்கவிட்டு, பின்னர் உலர்த்தி வறுத்ததனால் விளைந்த மணம் அது.

இதனைப் பருகும் இளைஞர் பலர், மேலைத்தேயத்தார் நேற்றுக் கண்டுபிடித்த வித்தை இதுவென எண்ணுகின்றனர். காற்றை அடைத்து வைக்கும் முறை புதியதே; அதில் ஐயமில்லை. ஆயின் கோப்பியை நொதிக்க வைக்கும் தொழிலைக் கண்டிச் சீமை நூற்றெண்பது ஆண்டுகளுக்கு முன்னரே அறிந்திருந்தது. கண்டியைச் சூழ்ந்த மலைகளில் ஓடைதோறும் நொதித் தொட்டிகள் இருந்த காலம் ஒன்று உண்டு. அத்தொட்டிகளில் நின்று உழைத்தவர் யாவர், அவர்கள் கை அறிந்த நுட்பம் யாது, அத்தொட்டிகள் வற்றியது எவ்வாறு என்பன தேயிலையின் புகழுக்குள் மறைந்துபோன செய்திகள்.

முதலிற் பழத்தைப் பற்றிச் சிறிது கூறவேண்டும். கோப்பிக் கொட்டை எனப்படுவது உண்மையில் ஒரு பழத்தின் விதை. பழுத்த கோப்பிப் பழம் செந்நிறமுடையது. தோலை நசுக்கினால் மெல்லிய சதை தோன்றும். சதைக்கு உள்ளே, விதையைப் பற்றிக்கொண்டு, வழுவழுப்பான ஒரு பசை உண்டு. நாவில் இட்டால் இனிக்கும். விரலாற் கழுவினாற் போகாது. அப்பசைக்குக் கீழே காய்ந்த காகிதம் போன்றதோர் உட்தோல். அதற்கும் கீழே வெள்ளி நிறச் சவ்வு. அதனுள்ளே இரண்டு விதைகள் முகத்தோடு முகம் வைத்துக் கிடக்கும். இந்தப் பசையை எவ்வாறு நீக்குவது என்பதே கோப்பித் தொழிலின் நடுநாயகமான வினா. கோப்பியின் சுவையும் விலையும் அந்த வினாவுக்கு அளிக்கப்படும் விடையைப் பொறுத்தே அமைந்தன.

கோப்பிச் செடி இலங்கைக்கு ஆங்கிலேயர் கொண்டுவந்ததன்று. அராபிய வணிகர் வழியே அது முன்னரே வந்திருந்தது. கண்டி நாட்டு மக்கள் அதன் தளிரிலையைக் கறிக்குச் சேர்த்தனர். மல்லிகை போன்ற அதன் வெண்மலரை விகாரைகளிற் காணிக்கையாக வைத்தனர். பழத்தை வடித்துப் பருகும் வழக்கம் அவர்களிடம் இருக்கவில்லை. 19ஆம் நூற்றாண்டின் நடுவில் இலங்கையின் குடியேற்ற நாட்டுக் காரியதரிசியாக இருந்த எமர்சன் டெனன்ற் இச்செய்தியைப் பதிவு செய்துள்ளார். ஒல்லாந்தர் 18ஆம் நூற்றாண்டிலே கரையோரத் தாழ்நிலத்திற் பயிரிட்டுப் பார்த்தனர். சாவகத் தீவிலே அவர்களுக்குப் பெருந்தோட்டங்கள் இருந்தமையாலும், தாழ்நிலம் இச்செடிக்கு ஒவ்வாமையாலும் அம்முயற்சி சிறக்கவில்லை. மலைநாட்டிலோ வீட்டுக் கொல்லைகளிற் பலாவுக்கும் கமுகுக்கும் நடுவே நிழலிற் கோப்பி தானே வளர்ந்துகொண்டிருந்தது. முஸ்லிம் வணிகர் உப்பும் துணியும் கொண்டுசென்று அதற்கு மாற்றாகக் கொட்டையை வாங்கி வந்தனர்.

1815ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 2ஆம் நாள் கண்டி உடன்படிக்கை கைச்சாத்தாயிற்று. கடைசி மன்னன் ஸ்ரீ விக்கிரம இராசசிங்கன் வேலூருக்கு அனுப்பப்பட்டான். அதன்பின் பத்தாண்டு நிரம்புமுன், 1824 அளவில், கம்பளைக்கு அருகிலுள்ள சிங்ஹபிட்டியவில் ஜோர்ஜ் பேட் என்பவர் கோப்பித் தோட்டம் ஒன்றைத் தொடங்கினார். தேசாதிபதி சேர் எட்வேட் பாண்ஸ் தாமும் வாளாவிருக்கவில்லை. பேராதனைக்கு அருகே கன்னொறுவையில் அவர் சொந்தமாகவே தோட்டம் அமைத்தார். 1638இல் இரண்டாம் இராசசிங்கன் போர்த்துக்கேயரின் படையை முறியடித்த களம் அதே கன்னொறுவை என்பதை இங்கு நினைவுகூரலாம். கோப்பிக்கு ஏற்றுமதித் தீர்வை நீக்கப்பட்டது. கொழும்பிலிருந்து கண்டிக்குப் பெருவீதி வெட்டப்பட்டது. அவ்வீதியை வெட்டியவர்கள் இராசகாரிய முறையின் கீழ்க் கூலியின்றி அழைக்கப்பட்ட மக்கள். கடுகண்ணாவையில் வீதியமைத்த பொறியியலாளர் டோசனுக்கு இன்றும் கோபுரம் நிற்கின்றது. மண் சுமந்தவர்களுக்கு எக்கல்லும் நாட்டப்படவில்லை. பேராதனையில் மகாவலி கங்கையைக் கடக்க, ஓர் ஆணியும் அறையாமல், முதிரை மரத்தால் ஒரே வளைவாகக் கட்டப்பட்ட பாலம் 1833 முதல் 1905 வரை வண்டிகளைத் தாங்கிற்று. அவ்வண்டிகளிற் பெரும்பாலானவை சுமந்தது கோப்பியே.

இவ்வளவு ஏற்பாடு இருந்தும் முதற் பத்தாண்டுகளில் இலங்கைக் கோப்பிக்கு இலண்டனில் மதிப்பு இருக்கவில்லை. காரணம் இரண்டு. ஒன்று, மேற்கிந்தியத் தீவுகளின் கோப்பிக்கு இருந்த தீர்வைச் சலுகை. அது 1835இல் நீங்கியது. அக்காலத்திலேயே அத்தீவுகளில் அடிமை முறை ஒழிக்கப்பட்டமையால் அங்கு விளைச்சல் சரிந்தது. இலங்கைக்கு வாயில் திறந்தது. மற்றைய காரணம் பசை. கிராமத்தார் கோப்பியைப் பெரும்பாலும் முற்றப் பழுக்குமுன்னரே பறித்து, தோலோடும் சதையோடும் முற்றத்தில் உலர்த்தி, உரலிலிட்டுக் குற்றினர். காயும் பழமும் கலந்து, மழையில் நனைந்தும் வெயிலிற் காய்ந்தும் வந்த அக்கொட்டையைச் சந்தையில் ‘நாட்டுக் கோப்பி’ என்று பெயரிட்டுக் குறைந்த விலைக்கு வாங்கினர்.

விடையைக் கொண்டுவந்தவர் றொபேட் பொயிட் டைற்லர் என்னும் ஸ்கொத்லாந்தியர். ஜமெய்க்காத் தீவிலே பயிற்சி பெற்று 1837இல் இலங்கைக்கு வந்த இவர், தும்பறைப் பள்ளத்தாக்கிலுள்ள பல்லேகலத் தோட்டத்தில் மேற்கிந்திய முறையை நிலைநாட்டினார். அம்முறைக்கு மூலம் இன்னும் பழையது. இன்று ஹைட்டி எனப்படும் நாட்டிலே தோட்டம் வைத்திருந்த லபோறி என்னும் பிரெஞ்சுக்காரர், அங்கே அடிமைகள் கிளர்ந்தெழுந்தபின், 1798இல் இலண்டனிலே கோப்பிச் செய்கை பற்றி நூலொன்று வெளியிட்டார். கண்டிச் சீமைத் துரைமார் பலருக்கு அதுவே வழிகாட்டியாயிற்று. அடிமைகளின் கையால் உருவான ஒரு தொழில்நுட்பம், அவர்கள் விடுதலை பெற்றபின், தென்னிந்தியக் கூலிகளின் கைக்கு மாறிய வரலாறு இது. தோட்டத் துரைமார் எழுதிய நூல்களில் இத்தொடர்ச்சி அவ்வளவாக எடுத்துரைக்கப்படுவதில்லை.

தொழில் நடந்த விதத்தை நோக்குவோம். மழைக்குப்பின் பூத்த கோப்பி, ஆண்டின் இறுதி மாதங்களிற் பழுக்கும். பகல் முழுவதும் ஆணும் பெண்ணும் சிறுவரும் மலைச்சரிவிற் பழம் ஆய்ந்து சாக்குகளில் நிரப்பிச் சுமந்து வருவர். கணக்கப்பிள்ளை அளந்து குறித்துக்கொள்வார். பறித்த பழத்தைக் குவியலாக விட்டுவைத்தால் உள்ளே சூடேறிவிடும். ஆதலால் அன்றிரவே தோல் நீக்கியாக வேண்டும். ஓடையிலிருந்து வாய்க்கால் வெட்டி, நீர்ச்சக்கரத்தைச் சுழற்றி, அதனாற் பொறியை இயக்கினர். நீர் போதாத இடங்களில் மனிதர் கைகளே சக்கரத்தைச் சுற்றின. செம்பு போர்த்த உருளை, முட்கள் போன்ற தன் பற்களால் தோலைக் கிழித்து விதையை வெளியே தள்ளும். இத்தகைய பொறிகளைச் செய்து விற்றே கண்டி நகரில் ஜோன் வாக்கரின் பொறித்தொழிற் பட்டறை வளர்ந்தது.

தோல் நீங்கியும் பசை நீங்காத விதைகள் தொட்டிக்குள் விழும். அங்குதான் நொதித்தல் நிகழும். ஓரிரவு முதல் ஒன்றரை நாள் வரை விதைகள் தொட்டியிற் குவிந்து கிடக்கும். கண்ணுக்குத் தெரியாத மதுவங்களும் பற்றீரியங்களும் பசையிலுள்ள வெல்லத்தை உண்டு அமிலத்தைத் தோற்றுவிக்கும். பசையின் பிணைப்பு தளரும். நுண்ணுயிர்களைப் பற்றிய அறிவு அன்று முதிரவில்லை. பாஸ்ரர் நொதித்தலுக்கு உயிர்களே காரணம் என நிறுவியது 1850களின் பிற்பகுதியில். அதற்கு முன்னரே கண்டி மலைகளில் அத்தொழில் பிழையின்றி நடந்துவந்தது. எப்படி? கையாலே. தொட்டிக்குப் பொறுப்பானவர் ஒரு பிடி விதையை அள்ளி உள்ளங்கைகளுக்கிடையே தேய்ப்பார். விதை வழுக்கினால் இன்னும் ஆகவில்லை. ஆற்றுக் கூழாங்கற்களைப் போல் ஒன்றோடொன்று உரசி ஒலித்தால் ஆயிற்று என்பது கணக்கு. உடனே நீர் பாய்ச்சி, காலாலும் பலகையாலும் கிளறிக் கழுவவேண்டும். தும்பறையின் வெப்பத்தில் விரைவிலும், உயர்ந்த மலைக் குளிரில் மெதுவாகவும் அது நிகழும். மழை நாளுக்கு ஒரு கணக்கு, வெயில் நாளுக்கு ஒரு கணக்கு. நேரம் தவறினால் புளிப்பு விதைக்குள் இறங்கும். அவ்வாறு கெட்ட ஒரு சில விதைகளே ஒரு மூடை முழுவதையும் நாற்றமடையச் செய்துவிடும். இலண்டன் தரகரின் மூக்கு அதனைத் தப்பவிடாது. ஆகவே நள்ளிரவில் எழுந்து தொட்டியைத் தொட்டுப் பார்க்கும் அந்தக் கையிலேதான் தோட்டத்தின் ஆண்டு வருமானம் தங்கியிருந்தது எனின் அது மிகையாகாது. அக்கைக்குரியோர் பெயர் எந்தப் புத்தகத்திலும் இல்லை.

கழுவிய கோப்பியைத் தளங்களிற் பரப்பி உலர்த்துவர். பெண்கள் அதனை ஓயாது புரட்டிக்கொண்டிருப்பர். மழை முகங் காட்டினால் ஓடிக் குவித்து மூடுவர். அறுவடைக் காலமும் வடகீழ்ப் பருவமழையும் ஒன்றாக வருவது கண்டியின் தீவினை. அதற்காகவே வில்லியம் கிளெரிஹ்யூ என்பவர் விசிறிகளாற் சூடான காற்றை இழுத்துக் கோப்பியினூடே செலுத்தும் உலர்த்தும் முறையை இலங்கையில் வகுத்தார். உட்தோலோடு ஓரளவு உலர்ந்த கோப்பி மாட்டுவண்டியிற் கொழும்புக்குப் போகும். அங்கே மீண்டும் உலர்த்தி, கனத்த சக்கரங்களால் உட்தோலை உடைத்து, புடைத்து, பருமன்வாரியாகப் பிரித்து, கறுத்த விதைகளைப் பெண்கள் கையாற் பொறுக்கி நீக்கியபின்னரே கப்பலேறும்.

இவ்வாறு கழுவிய ‘தோட்டக் கோப்பி’ இலண்டனில் நல்ல விலை பெற்றது. காணி வெறி பிடித்தது. தேசாதிபதி ஸ்ருவாட் மக்கென்சி உட்பட அரசாங்க உத்தியோகத்தர் பலர் தாமே காடுகளை வாங்கினர். 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், உறுதியில்லாத காடுகளையும் சேனை நிலங்களையும் முடிக்குரியவை எனக் கருத வழிசெய்தது. ஏக்கர் ஐந்து சிலிங்குக்கு விற்கப்பட்டது. 1844இல் ஒரு பவுணாக்கப்பட்டது. உறுதிப் பத்திரம் என்பதையே அறியாத கிராமத்தான், பாட்டன் காலத்துச் சேனை துரைக்குரியதாயிற்று என்று ஒருநாட் காலையில் அறிந்தான். 1847இல் இங்கிலாந்தில் நிகழ்ந்த பணநெருக்கடியாற் கோப்பி விலை வீழ்ந்தது. வருமானம் குறைந்த அரசாங்கம் நாய்க்கும் துப்பாக்கிக்கும் வீதிக்கும் வரி விதித்தது. 1848இல் மாத்தளையிற் கிளர்ச்சி மூண்டது. புரன் அப்பு கண்டியிற் சுட்டுக் கொல்லப்பட்டான். கோப்பி விலையின் ஏற்றத்தாழ்வு அரசியலையே அசைத்தது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

தொட்டியில் நின்றவர்கள் யாவர் என்னும் வினாவுக்கு வருவோம். கண்டிக் கிராமத்தார் துரையின் தோட்டத்தில் நாட்கூலியாக இருக்க விரும்பவில்லை. ஆகவே திருநெல்வேலி, மதுரை, இராமநாதபுரம், புதுக்கோட்டை, தஞ்சாவூர், திருச்சிராப்பள்ளி, சேலம் முதலிய சீமைகளிலிருந்து ஆட்கள் திரட்டப்பட்டனர். கங்காணி என்பவர் தம் ஊராரையும் உறவினரையும் முன்பணம் கொடுத்து அழைத்து வருவார். தொண்டி, பாம்பன் பகுதிகளிலிருந்து தோணியேறி மன்னார்க் கரையில் இறங்கி, வன்னிக் காட்டினூடே, தம்புள்ளை வழியாக மாத்தளைக்கு நடந்தனர். நீரில்லா வழி, நீர் இருந்த இடத்திற் பேதி, காட்டிற் காய்ச்சல். 1841 முதல் 1849 வரை 70,000 பேர் மடிந்தனர் எனக் கொழும்பு ஒப்சேவர் பத்திரிகை 1849இற் கணக்கிட்டது. பிற்கால ஆய்வாளர் சிலர் அத்தொகை மிகையென்பர். எண் எதுவாயினும், அவ்வழி நெடுக மனிதர் விழுந்து கிடந்தனர் என்பதை மறுப்பார் இலர். கோப்பி ஆண்டு முழுவதும் ஆள் வேண்டாத பயிர். அறுவடைக்கு வந்து, அது முடிந்ததும் கையிற் கிடைத்ததை முடிந்துகொண்டு ஊர் திரும்புவோரே மிகுதி. ஆகவே அதே காட்டுவழியை ஆண்டுக்கு இருமுறை கடந்தனர். 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டத்தின்படி ஒப்பந்தத்தை மீறி வேலையை விட்டோடினாற் சிறை. மருத்துவ வசதிக்குரிய சட்டம் வந்தது 1872இல்.

அம்மக்களின் தொழிலைத் தமிழிற் பாடி வைத்தவர் ஒருவர் உண்டு. ஆபிரகாம் ஜோசப் என்பார் இயற்றிய ‘கோப்பிக் கிருஷிக் கும்மி’ 1869இல் அச்சேறியது. மலையகத் தமிழ் இலக்கியத்தின் முதல் அச்சுநூல்களுள் ஒன்றாக அதனை அறிஞர் போற்றுவர். கும்மி மெட்டிலே கோப்பிச் செய்கையை எடுத்துரைக்கும் நூல் அது. துரைமார் தமிழ் கற்பதற்கு அக்காலத்தில் எழுந்த கையேடு ஒன்றின் பெயரோ ‘இங்கே வா’ என்பது. இரண்டு நூல்களின் பெயர்களையும் அருகருகே வைத்துப் பார்த்தால், தோட்டத்தில் தமிழ் எவ்வெவ்வாறு வழங்கிற்று என்பது விளங்கும்.

கும்மி அச்சேறிய அதே 1869ஆம் ஆண்டில் ஊவாவைச் சேர்ந்த மடுல்சீமையில் ஒரு தோட்டத்துக் கோப்பி இலைகளின் அடிப்புறத்தில் செம்மஞ்சள் நிறப் பொடி தோன்றிற்று. பேராதனைப் பூந்தோட்டத்தின் பணிப்பாளர் துவெயிற்ஸ் அவ்விலைகளை இங்கிலாந்திலிருந்த பங்கசு அறிஞர் பேர்க்லிக்கு அனுப்பினார். அவர் அதனைப் புதிய இனமெனக் கண்டு ‘ஹெமிலேயா வாஸ்ராற்றிக்ஸ்’ எனப் பெயரிட்டார். வித்தியின் ஒரு பாதி வழுவழுப்பானது என்பது முதற்சொல்லின் கருத்து. நாசஞ் செய்வது என்பது இரண்டாஞ் சொல்லின் கருத்து. இரண்டாஞ் சொல் பொய்க்கவில்லை. பங்கசு இலையை உதிர்க்கும். இலையில்லாக் கொம்பு காய்க்காது. மீண்டும் துளிர்க்கும், மீண்டும் உதிரும். மூன்று நான்கு முறையில் மரம் ஓய்ந்துவிடும்.

இந்நிலையிலும் தோட்டக்காரர் உணர்ந்தாரில்லை. 1870இல் ஏற்றுமதி பத்துக் கோடி இறாத்தலைத் தாண்டியிருந்தது. புகையிரதம் 1867இலேயே கண்டியை அடைந்துவிட்டது. விளைவு குறையக் குறைய உலகச் சந்தையில் விலை ஏறியது. அந்த விலையே கண்ணை மறைத்தது. இன்னும் உயர்ந்த மலைகளிற் காட்டை வெட்டி இன்னும் கோப்பியே நட்டனர். 1878இற் கோப்பி நிலம் ஏறத்தாழ 2,75,000 ஏக்கர். 1880இல் வந்து இரண்டாண்டு ஆராய்ந்த மார்ஷல் வோட், காற்றிலே வித்திகள் பரவுவதைக் கண்ணாடித் தகடுகளை வைத்து நிறுவினார். இடையில் வேறு மரமே இல்லாமல் மலைக்கு மலை ஒரே பயிரை நட்டதே நோய்க்கு வழியமைத்தது என்பதும் புலனாயிற்று. தோட்டக்காரர் அவரிடம் கேட்டது மருந்து. அவரிடம் இருந்தது உண்மை. 1889இல் ஏற்றுமதி 50 இலட்சம் இறாத்தலளவுக்கு வீழ்ந்துவிட்டது.

1884ஆம் ஆண்டு மே மாதம் ஒறியன்ரல் வங்கி கதவடைத்தது. அவ்வங்கியின் தாள்கள் நாட்டிற் பணமாகப் பரவலாக வழங்கின. தேசாதிபதி சேர் ஆதர் கோடன் அத்தாள்களுக்கு அரசாங்கம் பொறுப்பேற்கும் என அறிவித்துக் கலவரத்தைத் தடுத்தார். அதன்பின்னரே இலங்கை அரசாங்கம் தானே பணத்தாள் வெளியிடலாயிற்று. வியப்பொன்று உண்டு. அதே 1884 மே மாதத்திலேதான் இத்தாலி நாட்டுத் தூரின் நகரில் அஞ்செலோ மொறியொண்டோ என்பவர் நீராவியமுக்கத்தாற் கோப்பி வடிக்கும் பொறிக்கு உரிமைப் பத்திரம் பெற்றார். எஸ்பிரசோவின் மூதாதை அப்பொறி. கண்டியில் கோப்பி இறந்த மாதமும் தூரினில் எஸ்பிரசோ கருக்கொண்ட மாதமும் ஒன்றாயின.

துரைமார் தப்பினர் என்றே சொல்லலாம். ஹேவாஹெட்டப் பக்கத்து லூல்கந்துரத் தோட்டத்தில் 1867இலேயே ஜேம்ஸ் டெயிலர் 19 ஏக்கரில் தேயிலை நட்டிருந்தார். அவ்வழியிற் பலர் சென்றனர். பட்ட கோப்பி மரங்களின் அடித்தண்டுகள் தேநீர் மேசைகளுக்குக் கால்களாக இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டன என்றும் எழுதிவைத்துள்ளனர். கிராமத்தானுக்கோ தேயிலை இல்லை. கொல்லைக் கோப்பியையும் அதே பங்கசு தின்றது. நெல்லுக்குரிய வரியைப் பணமாகச் செலுத்த அவனுக்கிருந்த ஒரே வழி அக்கோப்பி. அது போனபின் வரி நிலுவையாயிற்று. நிலுவைக்காக வயல்கள் ஏலத்தில் விற்கப்பட்டன. 1880களில் வலப்பனைப் பகுதியிற் குடும்பங்கள் நிலமிழந்து சிதறிய துயரம் பெரும் விவாதத்தைக் கிளப்பி, ஈற்றில் 1892இல் அத்தானிய வரி நீக்கப்படுவதற்கு ஏதுவாயிற்று. கோப்பியின் வீழ்ச்சியைத் துரைமாரின் வீரக் கதையாக மாத்திரம் எழுதுவோர் வலப்பனையை மறந்து எழுதுகின்றனர்.

நொதித் தொட்டிகள் வற்றின. ஆயினும் கோப்பி முற்றாக அழியவில்லை. கண்டி, மாத்தளை, நுவரெலியா, பதுளை மாவட்டங்களின் வீட்டுத் தோட்டங்களில் நிழல் மரங்களுக்கிடையே சில மரங்கள் எஞ்சின. பிற்காலத்தில் வந்த றொபஸ்டா இனமும் அவற்றோடு சேர்ந்தது. பழத்தை முற்றத்திற் காயவைத்து, உரலிற் குற்றி, இருண்ட நிறமாக வறுத்து, மல்லியும் இஞ்சியும் சேர்த்துக் குடிக்கும் வழக்கம் இன்றும் மரண வீடுகளிலும் மழைக்காலத்திலும் உண்டு. நோயைத் தாங்கும் இனங்களும் பிறந்தன. தீமோர்த் தீவிலே 1920களில் அராபிக்காவும் றொபஸ்டாவும் தாமாகக் கலந்து தோன்றிய மரமொன்று அவற்றுக்குத் தாய். போர்த்துக்கல்லிற் கோப்பி இலைநோயை ஆராய்வதற்கென்றே 1955இல் நிலையமொன்று அமைக்கப்பட்டு, அத்தீமோர் மரத்திலிருந்து கற்றிமோர் முதலிய இனங்கள் உருவாக்கப்பட்டன. இலங்கையின் ஏற்றுமதி விவசாயத் திணைக்களமும் லக்பராக்கும் என்னும் அராபிக்கா இனத்தைப் பரப்பியுள்ளது.

இத்தகைய வீட்டுத் தோட்டப் பழங்களை நம்பியே அண்மை ஆண்டுகளிற் சில சிறு உற்பத்தியாளர் உயர்தரக் கோப்பி செய்கின்றனர். அவருட் சிலர் காற்றடைத்த நொதித்தலையும் மேற்கொண்டுள்ளனர். அம்முறையாவது: சிவந்து கனிந்த பழத்தை மாத்திரம் தெரிந்து, மிதக்கும் பழத்தை நீரால் ஒதுக்கி, முழுப்பழமாகவோ தோல் நீக்கியோ ஒரு கலத்தில் நிரப்பி இறுக மூடுவர். மூடியில் ஒருவழித் திறப்பு ஒன்று இருக்கும். உள்ளே தோன்றும் காபனீரொட்சைட்டு வாயு வெளியேறலாம்; வெளிக்காற்று உட்செல்லாது. ஒட்சிசன் தீர்ந்தவுடன், அஃதின்றி வாழவல்ல மதுவங்களும் இலற்றிக்கு அமிலப் பற்றீரியங்களும் ஆட்சிக்கு வரும். பழைய திறந்த தொட்டியில் ஓரிரவில் முடிந்த வேலை இங்கே இரண்டு நாள், ஐந்து நாள், சில வேளை அதற்கு மேலும் நீளும். அமிலமும் மதுசாரமும் இணைந்து எசுத்தர்கள் என்னும் மணப்பொருள்கள் தோன்றும். வாழைப்பழத்துக்கும் அன்னாசிக்கும் மணந்தருவனவும் அவ்வினத்தவையே. திராட்சை மது வடிப்போர் கையாண்ட முறையைக் கோப்பிக்குப் பயன்படுத்தி, அவுஸ்திரேலியாவைச் சேர்ந்த சாஸா செஸ்ரிக் 2015இல் உலகக் கோப்பி வடிப்போர் போட்டியில் முதலிடம் பெற்றபின் இது எங்கும் பேசப்படலாயிற்று.

எஸ்பிரசோவுக்காக இக்கோப்பியை வறுத்தல் எளிதன்று. கருக வறுத்தால் நாட்கணக்கிற் சேர்த்த பழமணம் முழுவதும் புகையோடு போய்விடும். இளவறுவலாக எடுத்தால் புளிப்பு மேலோங்கி நாவைக் கூசச் செய்யும். ஏறத்தாழ ஒன்பது மடங்கு வளியமுக்கத்தில் 18 கிராம் தூளிலிருந்து 36 கிராம் அளவே வடிப்பதால், விதையில் உள்ள குணமும் குற்றமும் பன்மடங்காகத் தெரியும். பால் சேர்த்தால் தயிரிற் பழம் கலந்தாற் போன்ற சுவை தோன்றுவதும் உண்டு. இதனைச் சிறப்பென்பார் ஒருபுறம். கலத்தின் மணம் மலையின் மணத்தை மூடிவிடுகின்றது, எந்நாட்டுக் கோப்பியும் ஒன்றுபோலாகிவிடுகின்றது என்பார் மறுபுறம். பின்னவர் கூற்றிலும் நியாயம் இருக்கவே செய்கின்றது. நல்ல பழம் இல்லாத இடத்தில் நொதித்தலைக் கொண்டு குறையை மறைக்கும் ஆசை எவர்க்கும் எழக்கூடியதே.

ஆயினும் இம்முறையில் இலங்கைக்குப் பொருந்தும் ஒரு கூறு உண்டு. நாட்டுக் கோப்பி மலிவாக மதிக்கப்பட்டது அது கிராமத்தான் கொல்லையில் விளைந்ததனால் அன்று. காயும் பழமும் கலந்து பறிக்கப்பட்டதனால். காயைப் பறித்ததற்கும் காரணம் இருந்தது. வணிகர் எதற்கும் ஒரே விலை கொடுத்தபோது, பழுக்கும்வரை காத்திருப்போன் அணிலுக்கும் களவுக்கும் இழந்தானேயன்றிப் பெற்றது ஒன்றுமில்லை. காற்றடைத்த கலமோ பச்சைக்காயை ஏற்காது. பசையில் வெல்லம் இல்லையேல் நுண்ணுயிருக்கு உணவில்லை, மணமும் இல்லை. ஆதலின் சிவந்த பழத்துக்குத் தனிவிலை கொடுத்தே தீரவேண்டியிருக்கின்றது. ஒரே மரத்துக்கு மூன்று நான்கு முறை திரும்பத் திரும்பச் சென்று, பழுத்ததை மாத்திரம் கொய்யும் வேலையைப் பெரும்பாலும் பெண்களே செய்கின்றனர். அவர்கள் கூடைக்குக் கிடைக்கும் விலை எவ்வளவு என்பதிலேதான் இப்புதுக் கோப்பி நிலைக்குமா என்பது தங்கியிருக்கின்றது.

பாண்ஸ் தேசாதிபதி கோப்பி நட்ட கன்னொறுவையில் இன்று விவசாயத் திணைக்களத்தின் ஆராய்ச்சி நிலையங்கள் உள்ளன. மகாவலிக்கு அக்கரையிலே, துவெயிற்ஸ் நோயுற்ற இலைகளை உறையிலிட்டு அனுப்பிய பூந்தோட்டம். இரண்டுக்கும் இடையிலான கிராமங்களின் வேலியோரங்களில், மழை பெய்து சில நாட்களுக்குப்பின், கோப்பி இன்றும் வெள்ளையாகப் பூக்கின்றது.